புறாப் பெட்டிக்குள் தீனி: சிரட்டையா, பைப்பா, போத்தலா?

வன்னியில் புறா வளர்க்கிற பலருக்கு முதல் தீனிப் பாத்திரம் சிரட்டைதான். காசில்லை, உடைந்தால் இன்னொன்று. நானும் அப்படித்தான் தொடங்கினேன். காலையில் பெட்டிக்கு ஒரு கைப்பிடி போட்டுவிட்டுப் போனால், பின்னேரம் சிரட்டை கவிழ்ந்து கிடக்கும், பாதித் தீனி எச்சத்துக்குள், மீதி கீழே மண்ணில்.

ஒரு நாள் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தேன். ஆண் புறா சொண்டை உள்ளே விட்டு இடம் வலமாக ஒரு வீச்சு வீசுகிறது, சோளம் நாலைந்து வெளியே பறக்கிறது, அடியில் கிடந்த பயறு ஒன்றைப் பொறுக்குகிறது, திரும்பவும் ஒரு வீச்சு. பசியோடு இருக்கிற புறா இப்படி வீசிக்கொண்டிருக்காது. தெரிந்தெடுக்கிற அளவுக்குத் தீனி குவிந்து கிடந்தால்தான் இந்த விளையாட்டு. அன்றிலிருந்து எந்தப் பாத்திரத்தைக் கண்டாலும் இந்த வீச்சுக்கு இடம் கொடுக்குமா என்றுதான் பார்க்கிறேன்.

தயிர்ச்சட்டி கனம், கவிழாது. ஆனால் வாய் அகலம், புறா உள்ளே ஏறி நின்று தின்னும், அங்கேயே எச்சமும் போடும். எச்சம் பட்ட தானியத்தைப் புடைத்துத் திரும்பப் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். வயிற்றோட்டம் ஒரு பெட்டியிலிருந்து மற்றப் பெட்டிக்குப் போக அதைவிடச் சுகமான வழி கிடையாது.

அப்புறம் எஸ்லோன் பைப், அதாவது பிவிசி குழாய். மேலே நிரப்பினால் கீழே தானாக இறங்கும், வயலுக்குப் போகிற ஆளுக்கு நல்ல வசதிதான், நானும் ஆசைப்பட்டு நாலு பெட்டிக்குப் பூட்டினேன். கலப்புத் தீனிக்கு இதைப்போல ஒரு நட்டம் இல்லை. பயறையும் உளுந்தையும் தேடி நெல்லையும் சோளத்தையும் தள்ளத் தள்ள மேலிருந்து புதிது இறங்கிக்கொண்டே இருக்கும், தெரிந்தெடுக்கிற வேலைக்கு முடிவே இல்லை. மாரியில் பைப்புக்குள் ஈரம் பிடித்துச் சோளம் பூஞ்சணம் கட்டினது வேறு கதை, அந்தச் சோளத்தை எந்தப் பறவைக்கும் கொடுக்கக்கூடாது. ஒரே தானியம் மட்டும் போடுகிறவர், அதுவும் கோடையில், பைப்பை வைத்துக்கொள்ளலாம்.

இப்போது என்னிடம் இருப்பது வெட்டின சோடாப் போத்தல். தலையும் கழுத்தும் தாராளமாகப் போய்வரும் அளவுக்கு ஒரு ஓட்டை, விளிம்பைச் சூடு காட்டி மழுக்கி, பெட்டியின் முன்கம்பிக்கு வெளிப்பக்கமாக, புறாவின் நெஞ்சு உயரத்தில் கட்டிவிட வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை. வீசினாலும் தானியம் போத்தல் சுவரில் பட்டு உள்ளேயே விழும், ஏறி நிற்க இடமில்லை, எச்சமும் இல்லை. பார்வைக்கு வடிவில்லை என்று வீட்டில் ஒரு முணுமுணுப்பு உண்டு, சரி, புறாவுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனாலும் அளக்காமல் போட்டால் போத்தலும் தோற்கும். நடுத்தரப் புறா ஒன்று நாளுக்கு 30 முதல் 40 கிராம் வரை தின்னும், சோடிக்கு 60 முதல் 80. ஒருமுறை நிறுத்துப் பார்த்து யோகட் கப்பில் கோடு கீறிவிட்டேன், இப்போது காலை பாதி, பின்னேரம் பாதி. பின்னேரம் போகும்போது சோளம் மிஞ்சியிருந்தால் அது முடியும்வரை புதிது போடுவதில்லை. குஞ்சு உள்ள பெட்டியில் மட்டும் இந்தக் கண்டிப்பு வேண்டாம். முதல் நாலைந்து நாள் தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் ஊறும் பாலைத்தான் ஊட்டும், பிறகு தானியமும் சேரும், குஞ்சு வளர வளர அந்தப் பெட்டிக்கு இரட்டிப்பாகவும் தேவைப்படும்.

போத்தல் தோற்கிற இடமும் ஒன்று உண்டு. மூன்று கிழமை தாண்டின குஞ்சு தானாகக் கொத்தப் பழகும்போது அந்த உயரம் அதற்கு எட்டாது. அப்போது நான் ஒதுக்கிய அதே தயிர்ச்சட்டியைத்தான் இறக்குகிறேன், அடியில் ஒரு பிடி பயறு மட்டும், அரைமணித்தியாலத்தில் திரும்ப எடுத்துவிடுவேன். இரவில் கீழே ஒரு மணி கிடந்தாலும் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும், முட்டையும் குஞ்சும் இரண்டுக்கும் விருப்பம்.

கழற்றின பைப் நாலையும் வீசவில்லை. தீனி செரிக்கப் புறா கொத்தித் தின்கிற இடித்த சிப்பி ஓடும் செங்கல் துண்டும் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதிலிருந்து ஒரு துண்டையும் புறா இதுவரை வீணாக்கவில்லை.