மயிலாப்பூர் வட்டாரத் தகவல்கள்: எதை எத்தனை மணி நேரம் நம்பலாம்?

மயிலாப்பூரின் லஸ் முனையில் இப்போது என்ன நிலவரம் என்று சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. போக்குவரத்துக் காவல்துறையின் எக்ஸ் பக்கம், கூகுள் மேப்ஸ், குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு, வாசலில் விழும் இலவச வார இதழ், கச்சேரி நடக்கும் சபாவின் வாசல் பலகை, கோயில் சுவரொட்டி என்று வரிசை நீளம். இத்தனையையும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்தால் ஒன்று புரிகிறது. இவற்றில் பொய் சொல்வது அநேகமாக எதுவுமில்லை, ஆயுள்தான் வேறு வேறு. ஒன்று பத்து நிமிடம் தாங்கும், இன்னொன்று ஒரு வாரம் தாங்கும். வார இதழை நம்பி வண்டி எடுப்பதும் வாட்ஸ்அப்பை நம்பிக் கச்சேரிக்குக் கிளம்புவதும்தான் சிக்கலில் கொண்டுபோய் விடுகின்றன.

முதலில் காவல்துறை அறிவிப்பு. திட்டமிட்ட மாற்றம் என்றால் பெரும்பாலும் முதல் நாளே செய்திக்குறிப்பு வந்துவிடும். தேரோட்டம், குடியரசு நாள் ஒத்திகை, மெட்ரோ பணி எல்லாம் இந்த வகை. குறிப்பு படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வருவதால் தெருப்பெயரை அடித்துத் தேடினால் கிடைக்காது. திறந்து, பெரிதாக்கிப் படிக்க வேண்டும். எக்ஸ் தளத்தில் கணக்கு இல்லாமல் நுழைந்தால் பதிவுகள் தேதி வரிசையில் வருவதில்லை, அதிகம் பார்க்கப்பட்ட பழைய பதிவுகள் மேலே நிற்கும். போன வருட அறிவிப்பு இந்த வருடமும் சுற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தேதியோடு கிழமையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லையென்றால் அது பழசு.

படிக்கும் முறையும் இருக்கிறது. ஒவ்வொரு பத்தியிலும் மூன்று விஷயம் தேட வேண்டும்: எங்கிருந்து எங்கே போகும் வண்டி, எந்தச் சந்திப்பில் திருப்புகிறார்கள், எத்தனை மணியிலிருந்து. 'தேவைப்பட்டால் திருப்பி விடப்படும்' என்று இருந்தால் அந்த மாற்றம் கூட்டத்தைப் பொறுத்தது. சாலை திறந்திருக்கவும் கூடும், பத்து நிமிடத்தில் மூடவும் கூடும். 'மாநகரப் பேருந்துகள் மட்டும்' என்ற வரி தனியாக எங்கேயாவது ஒளிந்திருக்கும், பேருந்தில் போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. 'சோதனை அடிப்படையில்' என்ற சொல்லைக் கண்டால் மட்டும் ஒரு வாரத்தில் போய்விடும் என்று எண்ண வேண்டாம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாம், நான்காம் வழித்தடங்கள் திருமயிலையில்தான் சந்திக்கின்றன. நிலத்தடி நிலையத்துக்காக லஸ்ஸையும் ஆர்.கே.மடம் சாலையையும் சுற்றி எத்தனையோ ஒருவழிப் பாதைகள் அப்படித்தான் வந்தன, அப்படியே தங்கியும் விட்டன.

அறிவிப்பில் மயிலாப்பூர் என்ற பெயரே இல்லாமல் மயிலாப்பூர் மாட்டிக்கொள்ளும் நாட்களும் உண்டு. ஜனவரி 26க்கு முந்தைய ஒத்திகை நாட்களில் காமராஜர் சாலையைக் காலையில் மூடுவார்கள். அடையாறிலிருந்து பாரிமுனை போகிற வண்டிகளுக்குக் கடற்கரைச் சாலை இல்லாமல் போனால் அவை கிரீன்வேஸ் சாலை பக்கமாகத் திரும்பி மந்தைவெளி, லஸ் என்று உள்ளே நுழையும். விநாயகர் சிலைகளைப் பட்டினப்பாக்கத்தில் கரைக்கும் நாளிலும் இதே கதை. சாந்தோம் நெடுஞ்சாலையின் கூட்டம் கச்சேரி சாலைக்கு வந்து சேரும். ஆகவே நம் தெருப்பெயரை மட்டும் தேடினால் போதாது. சாந்தோம் நெடுஞ்சாலை, காமராஜர் சாலை, ராதாகிருஷ்ணன் சாலை, டிடிகே சாலை, கிரீன்வேஸ் சாலை என்ற இந்த ஐந்தில் எதையாவது தொட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

கூகுள் மேப்ஸ் கிளம்புகிற அந்த நிமிடத்துக்குச் சரியானது. அது நகரும் கைபேசிகளின் வேகத்தையும் அந்தச் சாலையின் பழைய பழக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. தினசரி நெரிசலுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. திடீரென்று தடுப்பு போட்ட தெருவில் நகரும் வண்டியே இல்லை என்பதால் அதற்குச் சொல்ல எதுவும் இருக்காது; சில சமயம் பழைய கணக்கை வைத்து வழி காட்டிக்கொண்டே இருக்கும். வடக்கு மாட வீதி வழியாகப் போகச் சொல்லி, முனையில் காவலர் கையசைத்துத் திருப்பி விடுவது இதனால்தான். போக்குவரத்துக் காவல்துறை 'ரோட் ஈஸ்' என்ற செயலி வழியாகத் தன் மாற்றங்களை மேப்ஸில் ஏற்ற ஏற்பாடு செய்த பிறகு, முன்கூட்டி அறிவித்த தடைகள் ஓரளவு ஒழுங்காகத் தெரிகின்றன. குடிநீர் வாரியம் காலையில் தோண்டிய பள்ளம் தெரியாது. அதை யாராவது ஒருவர் மேப்ஸில் புகார் பொத்தானைத் தொட்டு 'சாலை மூடல்' அல்லது 'பணி நடக்கிறது' என்று பதிந்தால்தான் உண்டு. இரண்டு தட்டல்தான். எல்லோரும் வாட்ஸ்அப்பில் திட்டிவிட்டு இதை மட்டும் செய்வதில்லை.

மேப்ஸ் அமைப்பில் கவனிக்க வேண்டியது வாகன வகை. பைக்கில் போகிறவர் கார் குறியீட்டிலேயே விட்டுவைத்தால் நேரமும் தப்பாக வரும், வழியும் தப்பாக வரும். காருக்கு இன்னொரு தொல்லை: பெரிய சாலை சிவந்ததும் மேப்ஸ் பக்கத்துச் சந்துகளுக்குள் இழுக்கும். 2024இல் சென்னை உட்பட எட்டு நகரங்களில் காருக்குக் குறுகலான தெருக்களைத் தவிர்க்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். மயிலாப்பூரில் தெருவின் அகலம் வேறு, போக முடிந்த அகலம் வேறு. இருபுறமும் கார் நிற்கும் தெருவில், மாலை ஆறு மணிக்கு எதிரே ஒரு ஆட்டோ வந்தாலே முடிந்தது. ஐந்து நிமிடம் மிச்சம் என்று அது சொன்னால் பெரிய சாலையிலேயே நில்லுங்கள். பதினைந்து நிமிடம் என்றால் யோசிக்கலாம்.

நாளைக்கான கணக்குக்கு மேப்ஸில் புறப்படும் நேரத்தையோ போய்ச் சேரும் நேரத்தையோ குறித்துப் பார்க்கலாம். அது வழக்கமான நாளின் கணக்கு, திருவிழாவையும் மழையையும் சேர்த்ததல்ல. சபா சீசனில் டிசம்பர் மாலை நேரத்துக்கு அது தரும் விடையோடு கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்லது.

இனி வாட்ஸ்அப் குழு. வட்டாரச் செய்தி வேகத்தில் இதை அடித்துக்கொள்ள எதுவுமில்லை, குப்பையிலும் இல்லை. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். அத்தனை பேரும் பேசலாம் என்று விட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே 'தண்ணீர் லாரி வந்தாச்சு' புதைந்துபோகும். நன்றாக நடக்கும் சங்கங்களில் இரண்டு குழுக்கள் இருக்கும்: நிர்வாகிகள் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு ஒன்று, எல்லோரும் பேசும் குழு ஒன்று. பேசும் குழுவில் வருவதைச் சரிபார்த்து அறிவிப்புக் குழுவுக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போதாது, அவர் ஊருக்குப் போய்விட்டால் குழு தூங்கிவிடும்.

செய்தி எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'மந்தைவெளி பக்கம் போகாதீங்க, செம டிராஃபிக்' என்பதால் யாருக்கும் லாபமில்லை. மூன்று மணி நேரம் கழித்தும் அது குழுவில் உயிரோடு இருக்கும். இப்படி இருந்தால் பயன்: 'செவ்வாய் மாலை 5.40. செயின்ட் மேரீஸ் சாலை, மந்தைவெளி முனை. பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். பைக் போகலாம், கார் போகாது. நேரில் பார்த்தது.' நாள், நேரம், எந்த முனை, எந்த வண்டிக்குத் தடை, பார்த்ததா கேட்டதா என்ற ஐந்தும் இருக்க வேண்டும். படம் போட்டால் கடைப்பலகை ஒன்று அதில் தெரியும்படி எடுத்தால் இடம் தானே விளங்கிவிடும். தடை நீங்கியதும் அதே செய்திக்குப் பதிலாகவே 'திறந்தாச்சு' என்று போட வேண்டும், புதிதாகத் தனியே போடக் கூடாது. போக்குவரத்துக்கென்றே ஒரு குழு வைத்திருப்பவர்கள் மறையும் செய்தி வசதியில் 24 மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பழைய சரக்கு தானாகக் கழியும். அறிவிப்புக் குழுவில் இதைச் செய்ய வேண்டாம். மின்தடைத் தேதியைத் திரும்பத் தேடுவார்கள்.

இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை பகிரப்பட்டது' என்று வரும் செய்தி வட்டாரச் செய்தியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் தெரு விஷயம் அத்தனை கை மாறி நம்மிடமே வந்து சேராது.

நிகழ்ச்சிகளுக்கு அச்சுதான் இன்னும் ராஜா. 1994இல் தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ் போன்ற இலவச வார இதழ்களில் பஜனை, இலவச மருத்துவ முகாம், பள்ளி விழா, வீடு வாடகை என்று இணையத்தில் எங்கும் ஏறாத சங்கதிகள் கிடைக்கும். விளம்பரம்தான் அதற்குச் சோறு போடுகிறது, அதனால் பாதிப் பக்கம் விளம்பரம் என்று குறைப்பட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. அந்த விளம்பரமே வட்டாரச் செய்திதான். நிகழ்ச்சி நடத்துபவர்கள் செய்யும் வழக்கமான பிழை கடைசி நாளில் தகவல் அனுப்புவது. வார இதழ் வாசலுக்கு வருவதற்கு நாட்கள் முன்பே பக்கம் முடிந்துவிடும். சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு அதற்கு முந்தைய வார இதழைக் குறிவைத்தால்தான் சரி. அனுப்பும்போது அனுமதி இலவசமா, எத்தனை மணிக்கு முடியும், மாடிப்படியா மின்தூக்கியா என்பதையும் எழுதுங்கள். இந்த வட்டாரத்தில் முதியவர்கள் அதிகம், கூட்டம் வருவதும் வராததும் அந்தக் கடைசித் தகவலில் இருக்கிறது.

கச்சேரிக்கு அச்சைக்கூட முழுதாக நம்ப வேண்டாம். கலைஞர் மாற்றமோ நேர மாற்றமோ முதலில் தெரிவது சபா வாசல் பலகையில்தான். கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன் பக்கம் நடந்துபோகிறவர்களுக்கு அது நாலு விநாடி வேலை.

திருவிழாவுக்குச் செயலியே வேண்டாம், பஞ்சாங்கம் போதும். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் ஏழாம் நாள் காலை தேர், எட்டாம் நாள் பிற்பகல் அறுபத்துமூவர், அதாவது நாயன்மார் வீதியுலா. பங்குனி உத்திரத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் அறுபத்துமூவர் வரும் என்று வைத்துக்கொண்டால் நாட்காட்டியில் முன்கூட்டியே வட்டமிடலாம். ஐந்தாம் நாள் ரிஷப வாகனம் இரவு வெகுநேரம் கழித்துப் புறப்படும், அன்று பகலில் தொல்லையில்லை. அறுபத்துமூவர் நாளில் மட்டும் மாட வீதிகளுக்கு உள்ளே இருப்பவர்கள் காரை காலையிலேயே வெளியே, லஸ் சர்ச் சாலைக்கு அப்பால், கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். மதியத்துக்கு மேல் எடுக்க நினைத்தால் நடக்காது. சிலிண்டர், மருந்து, மளிகை எல்லாம் முதல் நாளே. வெளியூர் விருந்தாளிகளை ஆட்டோவில் வரச் சொல்லாமல் பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள், அங்கிருந்து நடைதான். தைப்பூசத்தை ஒட்டி மூன்று இரவு தெப்பம், நவராத்திரிக்கு வடக்கு மாட வீதி பொம்மைக் கடைகள், ஜனவரியில் அதே வீதியில் கோலப் போட்டி ஆகியவை சின்னத் தடைகள், மாலையோடு சரி.

மின்தடை அறிவிப்பு பெரும்பாலும் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை. அதில் தெருக்களை அடுக்கியிருக்கும் வரிசை மின்பாதையைப் பொறுத்தது, நாம் சொல்லும் பேட்டைப் பெயரைப் பொறுத்ததல்ல. ஒரே தெருவின் இரண்டு முனைகள் இரண்டு மின்பாதையில் இருக்கலாம். மின் கட்டண ரசீதில் உள்ள பிரிவு அலுவலகப் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு அதைத் தேடுவது குழப்பமில்லாத வழி. திட்டமிடாத தடைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். குடிநீர் நிறுத்த அறிவிப்பு மண்டல வாரியாக வரும். மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்தில், அதாவது 9இல் வருகிறது. இதை அறியாதவர்கள் 'மயிலாப்பூர்' என்று தேடி, இல்லை என்று நிம்மதியாகத் தொட்டியைக் காலியாக்கிவிடுவார்கள். குடிநீர் வாரியத்துக்கு 044-4567 4567, தெருவிளக்கு, குப்பை, மழைநீருக்கு மாநகராட்சியின் 1913. புகார் எண்ணைக் குழுவில் போட்டு வைத்தால் பத்துப் பேர் அதே குழிக்குத் தனித்தனிப் புகார் கொடுப்பது நிற்கும்.

மழைக்காலத்தில் ஒழுங்கு மாறுகிறது. அப்போது வரும் பெரிய வதந்தி செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே அடையாற்றங்கரையில் தூக்கம் போய்விடும். உண்மையான அறிவிப்பில் நீர்மட்டம் அடியிலும் வெளியேற்றம் விநாடிக்கு இத்தனை கன அடி என்றும் நாள், நேரத்தோடு இருக்கும். ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 'ஏரி 26 அடியைத் தொட்டது' என்று ஒரு குரல் பதிவு வந்தால் கேட்டு முடிக்காமலே வதந்தி என்று தள்ளிவிடலாம். எண்ணே இல்லாமல் 'திறந்துவிட்டார்கள், ஓடுங்கள்' என்பதையும் அதே வரிசையில் வைக்கலாம்.

சுரங்கப்பாதைகள் மூடிய பட்டியலைக் காவல்துறை நாளில் பலமுறை புதுப்பிக்கிறது. மயிலாப்பூரிலிருந்து தி.நகரைக் கடந்து மேற்கே போகிறவர்கள் துரைசாமி, அரங்கநாதன், மேட்லி ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பட்டியலின் மேலே உள்ள நேரம் முக்கியம். காலை 8 மணிப் படம் பகல் 12க்கும் சுற்றும். மூடிய செய்தி உடனே பரவும், திறந்த செய்தி மெதுவாகத்தான் வரும். அதனால் மழை விட்ட பிறகு பட்டியலில் இன்னும் மூடியதாகக் காட்டும் சுரங்கப்பாதைக்கு மேப்ஸில் வண்டி நகர்கிறதா என்று பார்ப்பது நல்ல குறுக்குச் சோதனை. மழை பெய்துகொண்டிருக்கும்போது இதே சோதனையைச் செய்யாதீர்கள். அப்போது பட்டியல் சொல்வதுதான் சட்டம்.