பிழைப்பு நொச்சிக்குப்பத்தில், வீடு செம்மஞ்சேரியில்

இந்த முறை ஊருக்குப் போன மூன்று வாரத்தில் பாதி நாள் பெரியம்மா வீட்டில்தான் இருந்தேன். சென்னை மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் கடலைப் பார்த்தபடி வாழ்ந்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடு செம்மஞ்சேரியில், குப்பத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். பிழைப்பு மட்டும் இன்றும் மெரினா லூப் சாலையில்தான், மீன் விற்பது.

ஒருநாள் அவரோடு விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பினேன். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணம் இல்லை. "இலவசம்தான் கண்ணு, இந்நேரத்துக்கு வண்டி வரணுமே" என்றார். ஆகவே இன்னும் மூன்று பெண்களோடு சேர்ந்து ஆட்டோ. படகு கரையேறும்போது ஏலத்துக்கு நிற்காவிட்டால் நல்ல மீன் கைக்கு வராது.

2024-ல் திறந்த மீன் அங்காடியை முதன்முறை பார்த்தேன். 366 கடைகள், மேலே கூரை. வெயிலில் குடை பிடித்து உட்கார்ந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது, அதனால் மனதார மகிழ்ந்தேன். விற்கிற இடம் கரையிலேயே கிடைத்துவிட்டது. விற்கிறவருக்கு வீடு?

நான் வசிக்கும் சான் பிரான்சிஸ்கோவில், பிராட்வே தெரு கடலைத் தொடும் இடத்துக்கு அருகே துறைமுகத்தின் வாகன நிறுத்துமிடம் ஒன்று இருந்தது. கடலைத் தூர்த்து உண்டான நிலம். 1968-ல் கலிஃபோர்னியா மாநிலம் துறைமுக நிலங்களை நகரத்தின் பொறுப்பில் விடச் சட்டம் இயற்றியபோதும், அவை மக்கள் எல்லோருக்கும் பொதுவானவை, குடியிருப்புக் கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு நீடித்தது. பிறகு, குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடு என்பதற்காகவே அந்தத் துண்டு நிலத்துக்குத் தனிச்சட்டத்தில் விலக்குக் கொடுத்தார்கள். 2021-ல் குடும்பங்களுக்கு 125 வீடுகளும், பக்கத்திலேயே முதியவர்களுக்கு 53 வீடுகளும் திறந்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குக் குப்பம்தான் ஞாபகம் வரும்.

நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. கரையோரம் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று மத்திய அரசு வகுத்த 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு விரிவான திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. 2019 அறிவிக்கையிலும் அது உண்டு. ஆனால் அதே 2019 அறிவிக்கை, நகரக் கரைகளில் 1991 அளவிலேயே உறைந்திருந்த தளப்பரப்புக் குறியீட்டை (மனையின் அளவுக்கு எத்தனை மடங்கு பரப்பு கட்டலாம் என்ற வரம்பை) தளர்த்திவிட்டது. அதாவது, இனி கரையோரம் உயரமாகக் கட்டலாம். மீனவருக்கு இடத்தை முதலில் ஒதுக்காமல் இதை மட்டும் திறந்துவிட்டால், கடலைப் பார்த்த ஜன்னல் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு இதில் கோபமே வருகிறது.

சரி, அலுவலக அனுபவமும் சொல்கிறேன். வீட்டு ஒதுக்கீடு இறந்துபோன பெரியப்பா பெயரில் இருக்கிறது. அதைப் பெரியம்மா பெயருக்கு மாற்ற ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தோம். முதல் நாள் பார்க்க வேண்டியவர் இல்லை. இரண்டாம் நாள் இறப்புச் சான்றிதழின் அசல் கேட்டார்கள். மூன்றாம் நாள், முதலிலேயே சொல்லியிருக்கக்கூடிய இன்னொரு காகிதம். ஒவ்வொரு தடவையும் பெரியம்மாவுக்கு ஒரு நாள் வியாபாரம் போனது. அங்கே ஓர் இளம் ஊழியர் மட்டும் மனுவைத் தானே எழுதிக் கொடுத்து, என்னென்ன இணைக்க வேண்டும் என்று வரிசையாகக் குறித்தும் தந்தார். அவரால்தான் மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு காற்று பலமாக அடித்தது. பெரியம்மாவின் மகனுடைய ஃபைபர் படகு நொச்சிக்குப்பம் மணலில் கிடந்தது. அங்கே இருந்தால் வாசலில் நின்றே அலையைப் பார்த்திருப்பான், நாலு பேரைக் கூப்பிட்டுப் படகை மேலே இழுத்திருப்பான். இங்கே மூன்றாவது மாடியில் நின்று, கரையில் இருக்கும் சிநேகிதனுக்கு நடுராத்திரி வரை போன் போட்டுக்கொண்டிருந்தான்.