பைலட் பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

மகளின் பைலட் பயிற்சிக்குக் கட்டிய 18 லட்சம் போய்விட்டது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய 18 லட்சம். பள்ளியின் பெயரைப் போட வேண்டாம் என்கிறார் வக்கீல். மத்திய இந்தியாவில் ஒரு சின்ன விமானத் தளத்தில் நடக்கும் தனியார் பயிற்சிப் பள்ளி, டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) அங்கீகாரம் உள்ளதுதான். பயிற்சி விமானத்தை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற ஆத்திரத்தில் எவ்வளவு வருகிறதோ பார்ப்போம்.

சேர்க்கைக்குப் போன அன்று தலைமைப் பயிற்றுநரே விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குள் கூட்டிப்போனார். பளபளவென்று நின்ற ஒரு செஸ்னா 172-இன் கதவைத் திறந்து மகளை இடது சீட்டில் உட்கார வைத்தார். சுவிட்சுகளைப் போட்டதும் வேகம், உயரம் எல்லாம் காட்டும் ஜி1000 டிஜிட்டல் திரைகள் இரண்டும் ஒளிர்ந்தன. "இதுதான் பேட்டா உன் விமானம்" என்று அவள் தோளில் தட்டினார். அவள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு அன்று மாலையே பணத்தை அனுப்பினேன்.

அடுத்த மாதமே அந்த 172 நின்றுவிட்டது, ஏதோ பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். பின்னால் இருந்த இன்னொன்றுக்கு ப்ரொப்பெல்லரே கிடையாது, எஞ்சின் மூடி திறந்து கிடக்க உள்ளே மைனா வைக்கோல் சேர்த்து வைத்திருக்கிறது. பறப்பது ஒரே ஒரு செஸ்னா 152. அதைக் குறை சொல்லவில்லை, உலகம் முழுக்க எத்தனையோ பேர் அதில்தான் பழகினார்கள். ஆனால் 1985-லேயே தயாரிப்பு நின்றுபோன இரண்டு சீட்டு விமானம், மொத்த எடை 757 கிலோவைத் தாண்டக்கூடாது, பயிற்றுநர் கொஞ்சம் கனமானவர் என்றால் டேங்கை நிரப்பவும் முடியாது, அதற்கு நாற்பது மாணவர்கள் வரிசை! 100 மணி நேரம் பறந்ததும் செய்ய வேண்டிய பராமரிப்புக்கு அது நின்றால் அத்தனை பேரும் ஹாஸ்டலில் படுத்திருக்க வேண்டியதுதான். சிபிஎல் என்கிற கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், மகள் ஒரு வருடத்தில் முப்பதைக்கூடத் தொடவில்லை.

கேட்டால் முதலில் "பார்ட்ஸ் வந்துட்டே இருக்கு சார்". அப்புறம் மழை. அப்புறம், பயிற்றுநர் ஏர்லைன் வேலைக்குப் போய்விட்டார், புதியவர் வருவார். அக்கவுண்ட்ஸில் கேட்டால் டைரக்டரைக் கேளுங்கள் என்பார்கள், டைரக்டர் எப்போது பார்த்தாலும் டெல்லியில். பறந்த மணிக்குக் கழித்துக்கொண்டு மீதியையாவது கொடுங்கள் என்று எழுதியதற்கு, படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், கட்டணம் திருப்பித் தரப்படாது என்று பதில். 18 லட்சத்துக்கு இரண்டு வரி மெயில்.

சரி, சேரப் போகிறவர்களுக்கு: மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள், பறக்கப் பறக்கத் தவணையாகக் கட்டுகிறேன் என்று எழுத்தில் வாங்குங்கள். விமானம் எத்தனை என்று கேட்டுப் பயனில்லை, இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை, மாணவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஹாஸ்டலுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பறந்த மணிக்கணக்கு எழுதும் லாக்புக்கில் போன மாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரட்டை எஞ்சின் பயிற்சி அங்கேயேவா, இல்லை வேறு ஊருக்கு அனுப்பித் தனிப் பணமா என்பதையும் கேட்டுவிடுங்கள். இன்னும் நிறைய இருக்கிறது, வக்கீல் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும்.