தீபாவளி விருந்து: ஆலை வேலைக்காரிக்கு எந்த வழி தோது?

பாமாயில் ஆலையில் எடைமேடைக் கிராணி வேலை எனக்கு, வரும் லோரிகளை எடை போட்டுக் கணக்கு எழுதுவது. தீபாவளி வரும் மாதங்களில்தான் பாமாயில் மரமான செம்பனையிலும் காய்ப்பு அதிகம், அதனால் ஊரே முறுக்கு பிழியும்போது நான் லோரி நம்பர் எழுதிக்கொண்டிருப்பேன். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வெந்தாக வேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், அது 5 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் கை வைப்பார்கள். ஆகவே வாசலில் லோரி நிற்கும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. "ஆறு மணிக்கு வந்துடுவேன்" என்று நான் சொன்னால் வீட்டில் பிள்ளைகளே சிரிக்கும்.

இந்த லட்சணத்தில் வருஷா வருஷம் திறந்த இல்ல விருந்து வேறு, அதாவது நாள் முழுக்க யார் எப்போது வந்தாலும் சாப்பாடு. ஊர் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா. 2007இல் பெயர் மாறியும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். வருவது பதினெட்டு பேர் போல. அதில் நான்கு பேருக்கு "இருக்கிறதைச் சாப்பிடுங்க" என்று சொல்ல முடியாது. ஆலையில் என்னோடு வேலை செய்யும் மலாய்த் தோழிக்கு ஹலால். சீனத் தோழி ஒருவர் பௌத்த சைவம், வெங்காயம் பூண்டுகூட ஆகாது. என் அண்ணன் மகனுக்கு சிலியாக், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் புண்ணாகும். நான்காவது என் மாமா, இன்சுலின் போடுகிறவர். அவருக்கு என்ன சாப்பாடு என்பதைவிட எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பதுதான் கவலை. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும்.

நான்கு வழி இருக்கிறது. மூன்றைச் செய்து பார்த்துவிட்டேன், ஒன்றைச் செய்ய அத்தை விடவில்லை.

முதல் வழி, ஆளுக்கொரு சட்டி. இரண்டு வருஷம் முன்பு இதைத்தான் செய்தேன். பையனுக்குத் தனி இட்லி, சீனத் தோழிக்கு வெங்காயம் பூண்டு இல்லாத சாம்பார், மற்றவர்களுக்குக் கோழி, ஆட்டுக்கறி, மாமாவுக்குக் கீரை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்தும் பதினொரு மணிக்கு முடியவில்லை, நடுவில் ஆலையிலிருந்து ஃபோன் வேறு. வெங்காயம் இல்லாத சாம்பாருக்கு மணம் வேண்டுமே என்று நம் கை தானாகப் போவது பெருங்காய டப்பாவுக்குத்தானே? இரண்டு சிட்டிகை போட்டேன். அந்தச் சாம்பாரையே பையனுக்கும் ஊற்றினேன், அதில்தான் ஒன்றும் இல்லையே என்று. ராத்திரி அவனுக்கு வயிற்றுவலி ஆரம்பித்த பிறகு டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் "தெப்போங் கண்டும்", கோதுமை மாவு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் நிறையவற்றில் அது உண்டு. அதோடு விடவில்லை. சீன பௌத்தர்கள் ஒதுக்கும் ஐந்து மணப்பொருளில் பூண்டு, வெங்காய வகைகளோடு பெருங்காயமும் சேர்த்தியாம், அந்தத் தோழியே பிற்பாடு சங்கடத்தோடு சொன்னார். ஆக, இரண்டு பேருக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த ஒரே குழம்பு அந்த இரண்டு பேருக்கும் ஆகாமல் போனது! சட்டி பெருகப் பெருகக் கரண்டியும் மாறும், தூக்கம் கெட்டவளுக்கு எது எதில் போட்டோம் என்பதும் மறக்கும்.

இரண்டாவது, கேட்டரிங். போன வருஷம் கேட்டுப் பார்த்தேன், ஐம்பது பேருக்குக் குறைந்து எடுக்க மாட்டோம் என்றார்கள். வேறொருவர் ஒப்புக்கொண்டார், சைவ அயிட்டம் என்று சம்பல் கொடுத்தார், அதில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, வாசம் மூக்கைத் துளைத்தது. பணம் போனது போகட்டும். பெரிய சிக்கல் நேரம். சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. திறந்த இல்லம் என்றால் பதினொரு மணிக்கு ஒரு கூட்டம், மத்தியானத் தூக்கம் போட்டுவிட்டு ஐந்து மணிக்கு ஒரு கூட்டம். இந்த வெக்கையில் காலையில் வந்த கறி சாயங்காலம் வரை தாங்குமா? அலுவலகக் கூட்டத்துக்கு, எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுந்தால், கேட்டரிங் நல்ல வழிதான், நான் குறை சொல்லவில்லை.

மூன்றாவது, வருகிறவர்கள் ஆளுக்கொன்று கொண்டு வருவது. "தீபாவளிக்குக் கூப்பிட்டுட்டு சோறு கொண்டு வரச் சொல்வாளா ஒருத்தி?" என்று அத்தை கேட்டதோடு அது முடிந்தது. எனக்கும் அதில் ஒப்புதல் இல்லை. அடுத்தவர் சமையலறையில் என்ன கிச்சாப் (சாஸ்) ஊற்றினார்கள் என்று நான் எப்படிச் சொல்ல? சாதாரண சோயா கிச்சாப்பிலும் கோதுமை உண்டு.

மிச்சம் நான்காவது, இந்த வருஷம் செய்தது: மேசையில் உள்ள எல்லாமே நான்கு பேரில் யாருக்கும் ஆகிற மாதிரி, கோழி ஒன்று மட்டும் தனி மேசையில். மீகூன் (அரிசி சேமியா) பிரட்டல்தான் அடிப்படை. அரிசி என்பதால் கோதுமைத் தொல்லை இல்லை (பாக்கெட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள், கலப்படமும் விற்கிறது). கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, மஞ்சள், முட்டைக்கோஸ், தவ்கே (முளைப்பயறு), தவ்ஃபூ (சோயாக்கட்டி), அவ்வளவுதான். கூடவே சீரகம் போட்ட பருப்பு, குக்கரிலேயே சூடாக இருக்கும் சோறு, பயற்றங்காய்ப் பொரியல். மாமா சோற்றைக் குறைத்துக்கொண்டு பொரியலும் தவ்ஃபூவும் கூடுதலாகப் போட்டுக்கொள்வார். கோழி பசாரில் மலாய்க்காரர் கடையில் வாங்கியது, அதைத் தோழியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், சட்டியும் புதுசு, தட்டு காகிதத் தட்டு.

ருசியில் இது முதல் வழிக்குக் கொஞ்சம் கீழேதான். பூண்டு தட்டிப் போடாத பருப்பு பருப்பே இல்லை என்று என் வீட்டுக்காரர் இன்னும் சொல்கிறார். ஆனால் நான் பார்ப்பது வேறு: நான் வீட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சனி ராத்திரியே காய் நறுக்கி, பருப்பை வேகவைத்து ஃபிரிஜ்ஜில் வைத்தாயிற்று. ஞாயிறு பத்தரைக்கு ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள், எடைமேடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம், பதினான்கு லோரி நிற்கிறதாம். முதல் சட்டி மீகூனை இறக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். ஒரு மணிக்கு மாமா சாப்பிட்டாச்சு என்று செய்தி வந்தது. சாயங்காலக் கூட்டத்துக்கு இரண்டாவது சட்டியைப் பிரட்டியது வீட்டுக்காரர். பருப்பைக் குறை சொன்ன அதே மனுஷன்தான். எது யாருக்கு என்று அவர் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, கோழி மேசையைத் தவிர எதை யார் எடுத்தாலும் சரி.

முறுக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. பெருங்காயம் போடாத முறுக்கை அத்தை முறுக்காகவே ஒத்துக்கொள்வதில்லை. அந்த டின்னுக்குச் சிவப்பு நூல் கட்டி எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கிறோம். இந்த வருஷம் கேட்டது மாமாதான், மூன்று முறை.