கிரேடில் வெர்ஷன் கேட்டலாக்: பிளகினுக்கும் லைப்ரரிக்கும் தனித்தனி அறை

ஆப்பை பில்ட் செய்யும் கருவியான கிரேடிலில், வெர்ஷன்களை ஒரே இடத்தில் பட்டியலிடும் வசதிதான் வெர்ஷன் கேட்டலாக். நாலைந்து மாட்யூலுக்கு (புராஜெக்டின் தனித்தனி பகுதிகள்) மேல் உள்ள ஆண்ட்ராய்டு புராஜெக்ட் என்றால் தயங்காமல் இதற்கு மாறலாம். ஒரே மாட்யூல்தான் என்றால் அவசரமில்லை.

கிரேடில் 7.0இல் சோதனை வசதியாக வந்து 7.4இல் நிலைபெற்றது இது. வெர்ஷன் எண்கள் எல்லாம் ஒரே டாமல் (TOML) ஃபைலில் இருக்கும். பிளகினுக்கு ஒரு பகுதி, அதில் ஐடியும் வெர்ஷனும். லைப்ரரிக்கு இன்னொன்று, அதில் குரூப், பெயர், வெர்ஷன். பிளகின் பில்டை நடத்துவது, லைப்ரரி ஆப்பின் கோடுக்கானது. பிளகினை 'கிளாஸ்பாத்' வரியில் எழுதும் பழைய முறையில் இரண்டும் 'டிபென்டன்சீஸ்' என்ற ஒரே பெயருள்ள பிளாக்கில் கிடந்தன. இடம் மாறி ஒட்டுவது சகஜம்.

ஆனாலும் ஆண்ட்ராய்டின் டேட்டாபேஸ் லைப்ரரியான ரூமிடம் இந்தக் கேட்டலாக் தோற்றுப்போகிறது. பில்டின்போது ரூமுக்கான கோடை உருவாக்க உதவும் கேஎஸ்பி (KSP), பிளகின் பகுதியில் வரும். ரூம் ரன்டைம், ரூம் கம்பைலர் இரண்டும் லைப்ரரி பகுதியில்தான். ஆனால் மாட்யூல் ஃபைலில் ரன்டைமை 'இம்ப்ளிமென்டேஷன்' என்றும் கம்பைலரை 'கேஎஸ்பி' என்றும் எழுத வேண்டும். இதைக் கேட்டலாக் சொல்லாது. கம்பைலரையும் இம்ப்ளிமென்டேஷனில் போட்டால் பில்ட் ஒழுங்காக முடிந்துவிடக்கூடும். ஆனால் டேட்டாபேஸைத் திறக்கும்போது, கேஎஸ்பி உருவாக்கியிருக்க வேண்டிய, '_இம்ப்ல்' என்று முடியும் கிளாஸ் இல்லை என்று ஆப் விழும்.

'பிளகின் கிடைக்கவில்லை' என்ற எரர் வந்தால், ஐடியையும் வெர்ஷனையும் சரிபார்த்த கையோடு செட்டிங்ஸ் ஃபைலைத் திறங்கள். பிளகின்கள் அதிலுள்ள 'பிளகின் மேனேஜ்மென்ட்' ரெப்போக்களில் (டவுன்லோட் செய்யும் களஞ்சியங்கள்) தேடப்படும். லைப்ரரிகள் 'டிபென்டன்சி ரெசல்யூஷன் மேனேஜ்மென்ட்' ரெப்போக்களில். ஒன்றில் கூகுள் ரெப்போவைச் சேர்த்தால் மற்றதற்குப் போகாது.

புராஜெக்டின் ரூட் பில்ட் ஃபைலில் ஒவ்வொரு பிளகினுக்கும் 'அப்ளை ஃபால்ஸ்' (அறிவிப்பு மட்டும், அங்கே இயக்க வேண்டாம்) போடுங்கள், மாட்யூலில் அது வேண்டாம். ரூட்டில் அறிவிக்காமலே விட்டால், கோட்லின் பிளகின் பல முறை லோடாகிவிட்டது என்ற எச்சரிக்கை வரக்கூடும்.

பெரிய குறை, பல மாட்யூல்களுக்கும் பொதுவான பில்ட் லாஜிக்கில். அந்த லாஜிக்கைத் தாங்கி, தனி பில்டாக வைக்கும் நம் சொந்தப் பிளகினுக்கு (கன்வென்ஷன் பிளகின்), அதன் செட்டிங்ஸிலும் டாமல் ஃபைலைக் காட்ட வேண்டும். அங்கே ஆண்ட்ராய்டு பிளகினே லைப்ரரியாக, 'கம்பைல் ஒன்லி' வரியில் நுழைகிறது! ஆக, ஒரே பொருளை இரு பகுதியிலும் எழுத வேண்டியதுதான். இரண்டுக்கும் ஒரே வெர்ஷன் ரெஃப் (வெர்ஷன் எண்ணைச் சுட்டும் பெயர்) கொடுங்கள். ஒன்றை மட்டும் உயர்த்தினால் பில்ட் லாஜிக் ஒரு வெர்ஷனில் கம்பைலாகி, வேறு வெர்ஷனோடு ஓடும்.