ஓஎம்ஆரா, எம்.ஆர்.சி. நகரா, அண்ணா நகரா? தண்ணீரைப் பார்த்து எடுத்த முடிவு

சென்னையில் மாதம் லட்ச ரூபாய் பக்கம் வாடகை கொடுக்கத் தயார் என்றால் புரோக்கர் முதலில் கூட்டிக்கொண்டு போவது நீச்சல் குளத்துக்குத்தான். நாங்களும் 2022-இல் அதைப் பார்த்துத்தான் சோழிங்கநல்லூர்ப் பக்கம் 17-ஆவது மாடியில் குடிபோனோம். இரண்டரை வருஷம் இருந்துவிட்டு வீடு மாறலாம் என்று முடிவானபோது மூன்று இடங்களைச் சல்லடை போட்டோம்: சோழிங்கநல்லூர் இருக்கும் ஓஎம்ஆரிலேயே (பழைய மகாபலிபுரம் சாலை) வேறு கட்டடம், எம்.ஆர்.சி. நகர், அண்ணா நகர். இப்போது அண்ணா நகரில் இருக்கிறோம். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வாடகைக் கணக்கு முதலில். எல்லாமே மூன்று படுக்கையறை, 1,800 முதல் 2,200 சதுர அடி. ஓஎம்ஆரில் எங்களிடம் கேட்டது 55 முதல் 70 ஆயிரம். அண்ணா நகரில் 80 ஆயிரத்தில் ஆரம்பித்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வரை. எம்.ஆர்.சி. நகரில் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. அலுவலகம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்பதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு கிண்டி, என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் பெருங்குடி, எங்கிருந்தும் சமாளிக்கலாம். லிஃப்ட், ஜெனரேட்டர், செக்யூரிட்டி எல்லாம் இந்த வாடகைக்கு மூன்று இடத்திலும் உண்டு.

தண்ணீரில்தான் வித்தியாசம் இருக்கிறது.

தண்ணீர் வருமா வராதா என்று மட்டும் கேட்டால் எல்லா ஹவுஸ் ஓனரும் ‘இருபத்திநாலு மணி நேரமும் வரும்’ என்றுதான் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. எங்கிருந்து வருகிறது, எவ்வளவு உப்பு, தட்டுப்பாடு வந்தால் செலவு யார் தலையில் விழும், இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஓஎம்ஆரில் பெருங்குடியிலிருந்து செம்மஞ்சேரி வரை உள்ள பகுதி 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்குத் தெற்கே நாவலூர், படூர், சிறுசேரி எல்லாம் இன்றும் மாநகராட்சிக்கு வெளியேதான். கட்டடங்கள் முதலில் எழும்பின, குழாய் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இலிருந்து ஓடுகிறது, 2024-இல் நாளுக்கு 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலையும் திறந்தார்கள், அதனால் நிலைமை மாறலாம். ஆனால் நாங்கள் இருந்த வளாகம் கடைசி நாள் வரை போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரையும் லாரியையும் நம்பித்தான் ஓடியது.

கணக்குப் போட்டால் புரியும். நகரத்தில் தலைக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் 540 லிட்டர். எங்கள் வளாகத்தில் 400 வீடு, அதாவது இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் லிட்டர். போர் பாதியைத் தாங்கினாலும் 12,000 லிட்டர் லாரி தினம் ஒன்பது வர வேண்டும். ஏப்ரல், மே மாதம் போர் இறங்கினால் அது பதிமூன்று, பதினாலு ஆகும். விடியற்காலை நாலரை மணிக்கே முதல் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் 17-ஆவது மாடிக்குக் கேட்கும். அந்தப் பணம் எல்லாம் மெயின்டனன்ஸில் ஏறும்.

மெயின்டனன்ஸில் இன்னொன்றும் இருக்கிறது. மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது, ஆனால் முழுத் தொகைக்கும் வரி போட்ட பில்லை வீடு பார்க்கப் போன ஓரிடத்தில் காட்டினார்கள். 2,000 சதுர அடிக்கு ஐந்து ரூபாய் வீதம் பத்தாயிரம் என்றால் ஒரு கணக்கில் வரி 450, இன்னொரு கணக்கில் 1,800. வாடகை பேசும்போதே கடைசி மூன்று மாத பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், லாரிச் செலவும் அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தென் சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கித்தான் கடலுக்குப் போக வேண்டும். அந்த வழி நிரம்பிவிட்டால் சுற்றியிருக்கும் இடமெல்லாம் தண்ணீர் நிற்கும். எங்கள் கீழ்த்தளத்தில் இடுப்பளவு நின்றது. மோட்டார் அங்கேதான், ஜெனரேட்டரின் ஸ்விட்ச் போர்டும் அங்கேதான். மூன்று நாள் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கேட் வரைக்கும் டிராக்டரில் வந்த 20 லிட்டர் கேனை என் கணவர் தோளில் வைத்து ஏறினார், ஆறாவது மாடியில் ஒரு தடவை, பதினோராவது மாடியில் ஒரு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டு. மாமியாருக்கு முழங்கால் வலி, நான்கு நாள் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. நாலாம் நாள் லிஃப்ட் ஓடியதும் அவர் சொன்னது, ‘நீச்சல் குளம் எனக்கு எதுக்கும்மா, ரெண்டாவது மாடியில ஒரு வீடு பாரு.’ வீடு தேடும்போது அந்த வார்த்தைதான் என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

எம்.ஆர்.சி. நகரைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது, மூன்று தடவை வீடு பார்க்கப் போனதோடு சரி. ஊருக்கு நடுவில் இருக்கிறது, மயிலாப்பூர் கூப்பிடு தூரம், சாயங்காலம் பால்கனியில் நின்றால் அடையாறு முகத்துவாரமும் கடலும் ஒன்றாகத் தெரியும், அந்தக் காற்றுக்கே காசு கொடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதே காற்றில் உப்பு. நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் ஏசியின் வெளி யூனிட் ஐந்து வருஷத்துக்குள் துருப்பிடித்து, தகடு விரலால் தொட்டாலே உதிர்ந்தது. பழுது யார் பார்ப்பது என்று கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. குடித்தனம் இருந்து பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். வாடகை எங்கள் கைக்கு எட்டியிருந்தால் இன்னும் பொறுமையாகப் பார்த்திருப்பேன்.

வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் கைப்பையில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வைத்திருந்தேன். பேனா மாதிரி இருக்கும், நானூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சமையலறையில் பார்த்துப் பிரயோஜனமில்லை, அங்கே ஆர்ஓ மெஷினில் சுத்திகரித்த தண்ணீர் வரும். குளியலறைக் குழாயில் மக் நிறையப் பிடித்துப் பார்க்க வேண்டும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. ஓஎம்ஆரில் எங்கள் வீட்டில் 1,350 காட்டியது, எம்.ஆர்.சி. நகரில் நாங்கள் பார்த்த ஒரு கட்டடத்தில் 1,600, அண்ணா நகரில் இப்போதிருக்கும் வீட்டில் 430. மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு என்று தனியாகக் காட்டாது. அதற்கு ஷவர் முகத்தையும் குழாய் வாயையும் பாருங்கள், வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் கீசருக்குள் சூடேற்றும் கம்பிச்சுருளிலும் (காயில்) அப்படித்தான் இருக்கும். பழைய வீட்டில் இரண்டரை வருஷத்தில் இரண்டு காயில் மாற்றினோம். குளியலறைக் கண்ணாடித் தடுப்பில் வினிகர் போட்டுத் தேய்த்த படலம் ஒரே வாரத்தில் திரும்பி வரும். மகள் முடி கொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இங்கே வந்த பிறகு அந்தப் பேச்சு இல்லை.

அண்ணா நகரில் எங்கள் கட்டடத்தில் 24 வீடுதான். நிலத்தடித் தொட்டியான சம்பில் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர் விழுகிறது, கூடவே போர், மழைநீர் இறங்கும் கிணறு ஒன்றும் இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003 முதலே தமிழ்நாட்டில் கட்டாயம் என்றாலும் உண்மையிலேயே வேலை செய்யும் கிணற்றை இங்கேதான் பார்த்தேன், மழைக்கு முன்னால் வாட்ச்மேன் மூடியைத் திறந்து மணலை அள்ளுகிறார். இங்கே தட்டுப்பாடே வராது என்று சொல்ல மாட்டேன். 2019-இல் நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் நான்கு ஏரிகளும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கியது பக்கத்து வில்லிவாக்கத்தில்தான். அந்த வருஷம் இந்தக் கட்டடத்திலும் லாரி வாங்கியிருக்கிறார்கள். ஆனால் 24 வீட்டுக்கு நாளுக்கு 13,000 லிட்டர், மெட்ரோ வாட்டரும் போரும் சேர்ந்து கைவிட்டாலும் ஒரு லாரியும் கொஞ்சமும் போதும். அவசரத்துக்கு ஒரு லாரியை யாராவது போன் பண்ணி வரவழைத்துவிடலாம். பழைய வளாகத்தில் போரும் கைவிட்டால் பதினெட்டு லாரி வேண்டும், ஊரே தவிக்கும்போது அதை எங்கே தேடுவது?

குறை இல்லாமல் இல்லை. ஜிம் கிடையாது, விருந்தாளி வந்தால் கார் நிறுத்த இடம் கிடையாது, இரண்டாவது அவென்யூவின் சத்தம் ராத்திரி பத்து மணி வரை கேட்கும், கணவருக்குப் பெருங்குடி போகும் நாளில் போக வர மூன்று மணி நேரம் சரியாகிவிடுகிறது. எனக்கு டவர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் ஆலந்தூரில் ஒரு மாற்றம், அடுத்த ஸ்டேஷன் கிண்டி. மாமியார் தினமும் காலையில் டவர் பார்க்குக்கு நடந்தே போகிறார்.

ஹவுஸ் ஓனர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைக் கேட்க மறக்காதீர்கள், இந்த ரக வீடுகளில் பாதி வெளிநாட்டில் இருப்பவர்களுடையதாக இருக்கிறது. ஓனர் இங்கேயே இருந்து வாடகை 50,000-ஐத் தாண்டினால் 2024 அக்டோபர் முதல் நீங்கள் வாடகையில் 2 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். என்ஆர்ஐ என்றால் 31.2 சதவீதம், வாடகை எவ்வளவாக இருந்தாலும். பிடிக்காமல் விட்டால் பொறுப்பு உங்களுடையது. அட்வான்ஸ் பத்து மாதம் என்று பழக்கத்தில் கேட்பார்கள். 2019-இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாதம்தான். நாங்கள் ஐந்தில் முடித்தோம்.

சிறுசேரியில் இருவருக்கும் வேலை, வீட்டில் பெரியவர்கள் இல்லை என்றால் ஓஎம்ஆரையே பாருங்கள், அதே பணத்துக்கு அங்கே கிடைக்கும் விசாலம் வேறெங்கும் கிடைக்காது. கீழ்த்தளத்தில் இறங்கி மோட்டாரும் மின் பேனலும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று மட்டும் பார்த்துவிடுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் லாரித் தண்ணீர்ச் செலவு மாதம் 1,500 ரூபாயைத் தாண்டினால் மிச்சம் ஹவுஸ் ஓனருடையது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார், ஆனாலும் சேர்த்தார்.