ஆட்டக்காரரின் காலைக் காப்பது எது? அட்டை, தடை, விஏஆர், ஃபவுல் கணக்கு

1966 கால்பந்து உலகக் கோப்பையில் பல்கேரியர்கள் உதைத்த உதையில் பிரேசிலின் பெலே அடுத்த ஆட்டத்தையே தவறவிட்டார். மூன்றாவது ஆட்டம் லிவர்பூலின் குடிசன் பார்க்கில், போர்ச்சுகலுடன். பந்தோடு போன பெலேவை மொராய்ஸ் தட்டிவிட்டார். பெலே தடுமாறிச் சமாளித்து மறுபடி ஓட, அதே ஓட்டத்திலேயே இரண்டாம் முறை பாய்ந்து சாய்த்தார். மொராய்ஸ் வெளியேற்றப்படவில்லை. மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதியும் இல்லை. மீதி ஆட்டம் முழுக்க பெலே நொண்டினார், பிரேசில் 3-1 என்று தோற்று வெளியேறியது.

அதற்குப் பிறகு இத்தனை வருடங்களில் பல காப்புகள் வந்துவிட்டன. அவற்றில் எது உண்மையிலேயே காலைக் காக்கிறது?

முதலில் அட்டை. ஆங்கிலேய நடுவர் கென் ஆஸ்டன் சாலை சிக்னலைப் பார்த்து யோசித்தது, 1970 மெக்சிகோவில் நடைமுறைக்கு வந்தது. தண்டனை அந்த ஆட்டத்திலேயே, அந்த அணிக்கே விழுகிறது என்பதுதான் இதன் பெரிய பலம். ஆனால் எல்லாமே நடுவரின் துணிச்சலைப் பொறுத்தது. 1982 உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் மரடோனா 23 முறை ஃபவுல் செய்யப்பட்டார். அவரை நிழலாகத் தொடர்ந்த ஜென்டீலே கடைசி வரை களத்தில் இருந்தார். அடுத்த ஆட்டத்தில் பொறுமை இழந்து பிரேசில்காரர் ஒருவரை உதைத்த மரடோனாதான் சிவப்பு அட்டை வாங்கினார். உலகக் கோப்பையின் முதல் சிவப்பு அட்டையும் இதே கதைதான்: 1974இல் மேற்கு ஜெர்மனியின் ஃபோக்ட்ஸை திருப்பி அடித்த சிலியின் முன்கள வீரர் காஸ்ஸெலிக்குக் காட்டப்பட்டது. சீண்டுபவர் தப்பிக்க, சீண்டப்பட்டவர் மாட்டிக்கொள்ளும் இந்த அநியாயத்தை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

அட்டை நன்றாக வேலை செய்த இடமும் உண்டு. பின்னாலிருந்து பாய்ந்து பந்தைப் பறிக்கும், ஆளுக்கு ஆபத்தான டேக்கிளுக்கு நேராகச் சிவப்பு என்று 1998இல் விதி இறுகியது. கணுக்கால் நொறுங்கி, 28 வயதில் கடைசி ஆட்டம் ஆடிவிட்ட நெதர்லாந்து முன்கள வீரர் வான் பாஸ்டனுக்கு அது காலம் கடந்து வந்த நியாயம்.

அடுத்தது, ஆட்டம் முடிந்தபின் விதிக்கும் தடை. இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 1983 செப்டம்பரில் பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் அத்லெடிக் பில்பாவோவின் கோய்கோட்செயா பின்னாலிருந்து பாய்ந்து, அப்போது பார்சிலோனாவுக்கு ஆடிய மரடோனாவின் கணுக்காலை உடைத்தார். களத்தில் சிவப்பு அட்டை இல்லை. பிறகு நீண்ட தடை வந்தது, மேல்முறையீட்டில் அதுவும் சுருங்கியது. அதே சீசனின் ஸ்பானியக் கோப்பை இறுதியாட்டத்தில், 1984 மே மாதம், அவர் மரடோனாவுக்கு எதிராக மறுபடி நின்றார், கோப்பையையும் வென்றார். 2014இல் ஃபோர்டலேசாவில் கொலம்பியாவின் சூனிகா முழங்காலால் இடித்ததில் பிரேசிலின் நெய்மாருக்கு முதுகெலும்பில் முறிவு. அட்டை இல்லை, பின்னர் தடை விதிக்கவும் இடமில்லை என்று ஃபிஃபா கைவிரித்தது. அந்த ஆட்டத்தில் மொத்தம் 54 ஃபவுல்கள், அதில் 31 பிரேசிலுடையவை. கொலம்பியாவின் ஹாமெஸ் ரோட்ரிகஸைத் திரும்பத் திரும்ப வீழ்த்தியது நெய்மாரின் சொந்த அணிதான். முதல் மஞ்சள் அட்டை வந்ததோ 64ஆவது நிமிடத்தில். முதல் கால் மணி நேரத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு மஞ்சள் காட்டியிருந்தால் ஆட்டம் அந்த நிலைக்குப் போயிருக்காது என்பதே என் எண்ணம்.

விஏஆர், அதாவது காணொளி பார்த்து நடுவருக்கு உதவும் முறை, 2018 உலகக் கோப்பைக்கு வந்தது. நடுவர் பார்க்காத முழங்கை இடி, எலும்பை முறிக்கும் பாய்ச்சல் இவற்றுக்கு இது நல்ல மருந்து. ஆனால் அதே தொடரில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக நெய்மார் 10 முறை ஃபவுல் செய்யப்பட்டார். சுவிஸ் ஆட்டக்காரர்கள் முறை வைத்து உதைத்தார்கள்: இப்போது ஒருவர், அடுத்த முறை இன்னொருவர். மூன்று பேருக்கு மஞ்சள், யாருக்கும் இரண்டாவது இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் சிவப்புக்குரியதில்லை, ஆகவே விஏஆருக்கு அங்கே வேலையே இல்லை. தொடர்ந்து ஃபவுல் செய்பவருக்கு மஞ்சள் என்று விதி இருந்தாலும் அது தனிநபரைத்தான் எண்ணுகிறது, அணியை எண்ணுவதில்லை.

அணியை எண்ணும் விதி ஃபிஃபாவின் கையிலேயே இருக்கிறது, அணிக்கு ஐந்து பேர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சாலில். ஒரு பாதியில் ஓர் அணிக்கு ஐந்து ஃபவுல் வரை கணக்கு. ஆறாவதிலிருந்து எதிரணிக்குத் தடுப்புச் சுவரே இல்லாத நேரடி உதை, 10 மீட்டர் புள்ளியிலிருந்து. யார் செய்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் ஃபவுலைப் பங்குபோட்டுப் பயனில்லை. ஐந்தாவது ஃபவுல் முடிந்ததும் தடுப்பாட்டக்காரர்கள் காலை நீட்டத் தயங்குவதையும், பந்து வைத்திருப்பவர் துணிந்து ஆளைத் தாண்டப் போவதையும் எந்த ஃபுட்சால் ஆட்டத்திலும் பார்க்கலாம். கூடைப்பந்தும் இதே வழியில் அணியின் ஃபவுலை எண்ணுகிறது.

நான்கில் ஒன்றைத்தான் புதிதாக வலுப்படுத்த முடியும் என்றால் என் வாக்கு இதற்கே. எலும்பு முறிக்கும் பாய்ச்சலுக்குச் சிவப்பும் விஏஆரும் போதும். தடை அவற்றுக்குத் துணையாக இருக்கட்டும். கணுக்காலில் நாள்தோறும் விழும் சின்னச் சின்ன உதைகளுக்குத்தான் இன்னும் காப்பு இல்லை.

ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு: எண்ணிக்கையை ஏற்றுவதற்காகவே ஆட்டக்காரர்கள் விழுந்து நடிப்பார்கள். நடிப்புக்கு மஞ்சள் அட்டை ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தயங்காமல் எடுக்க வேண்டும். பதினொரு பேர் ஆட்டத்துக்கு ஐந்து என்ற வரம்பு மிகக் குறைவு. பாதிக்கு எட்டு என்று வைத்து, முதலில் இளையோர் போட்டிகளில் சோதிக்கலாம். ஆளைத் தாண்டத் துடிக்கும் பையனிடம் "அடி வாங்காதே, பந்தைச் சீக்கிரம் விட்டுடு" என்று பயிற்சியாளர் சொல்லத் தொடங்குவது அந்த வயதில்தான்.